மன்னிப்புக்குப் பின்னும் மறையாத தழும்புகள்

(வானொலி மறையுரை – தவக்காலம். வாசகங்கள்: 2 சாமுவேல் 12:1-25, லூக்கா 19:1-10)



தவக்காலம் வந்ததும் நம் ஆலயங்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை நீளுகிறது. ஆண்டு முழுவதும் வராதவர்களும் வருகிறார்கள். முழங்காலிட்டுப் பாவங்களைச் சொல்லி, பாவமன்னிப்பைப் பெற்று, மனம் இலேசாகி எழுந்து போகிறோம். வீட்டுக்குப் போனால் என்ன பார்க்கிறோம்? குடியால் கெட்டுப்போன ஈரல் அப்படியே இருக்கிறது. அடகுக் கடையில் மூழ்கிப்போன மனைவியின் சங்கிலி திரும்பி வரவில்லை. ஐந்து வருடமாகப் பேசாத மகன் இன்றும் பேசவில்லை. நாம் சொன்ன ஒரு பொய்யால் கல்யாணம் தட்டிப்போன பெண் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாள்.

அப்போது நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. "ஆண்டவர் என்னை மன்னிச்சது உண்மைன்னா, இதெல்லாம் ஏன் இன்னும் இப்படியே இருக்கு? ஒருவேளை அவர் இன்னும் மன்னிக்கலையோ?" இந்தச் சந்தேகத்தில் மனம் நொந்து, ஒரே பாவத்தைப் பத்து முறை, இருபது முறை திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் உண்டு. இதற்கு மேல் பயனில்லை என்று ஆலயப் பக்கமே வராமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. இந்தக் கேள்வியைத்தான் இறைவார்த்தையின் ஒளியில் இன்று சிந்திக்கப் போகிறோம்.

வினை விதைத்தவன்

கோயில்கள் நிறைந்த நம் காஞ்சி மாநகரில் இதற்கு ஒரு பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது: வினை விதைத்தவன் வினை அறுப்பான். நாமும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தோம். இதில் உண்மை இருக்கிறது. மனிதர் எதை விதைக்கிறாரோ அதையே அறுப்பார் என்று பவுலடியாரும் கலாத்தியருக்கு எழுதுகிறார் (6:7). செயலுக்கு விளைவு உண்டு. அதை மறுக்கிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் அந்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. விளைவு ஒரு பக்கம் இருக்க, விளைவைச் சுமக்கிறவனைத் தேடி வரும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்று அது சொல்கிறது. நமக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள உறவு ஒன்று. நம் செயல் இந்த உலகத்தில் உண்டாக்கிய சேதம் இன்னொன்று. முதலாவது ஒரு நொடியில் சரியாகும். இரண்டாவது ஆறுவதற்கு ஓர் ஆயுள் பிடிக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் மனம் அமைதி இழக்கிறது.

தாவீதின் வீட்டில் நடந்தது

தாவீது அரசர் உரியாவின் மனைவி பத்சேபாவை எடுத்துக்கொண்டார். அதை மறைக்க, போர் கடுமையாக இருந்த இடத்தில் உரியாவை நிறுத்திச் சாகடித்தார். பிறகு இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்துப்போனார், அந்த ஆட்டுக்குட்டிக்கு நான்கு மடங்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். அந்த மனிதன் நீரேதான் என்று நாத்தான் சொன்னதும், ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்துவிட்டதாகத் தாவீது ஒத்துக்கொண்டார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

நாத்தானின் பதிலைக் கவனிப்போம். ஆண்டவர் உம் பாவத்தை நீக்கிவிட்டார், நீர் சாக மாட்டீர் என்கிறார். தவணை கிடையாது, முழு மன்னிப்பு. அதே மூச்சில், இந்தச் செயலின் விளைவு உம் வீட்டுக்குள் வரும் என்றும் சொல்கிறார். அப்படியே வந்தது. குழந்தை இறந்தது. அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்தான். அப்சலோம் அம்னோனைக் கொன்றான். பிறகு அப்பாவுக்கு எதிராகவே படை திரட்டினான். மகனுக்குப் பயந்து தாவீது வெறுங்காலோடு ஒலிவ மலையில் அழுதுகொண்டே ஏறினார். மன்னிக்கப்பட்ட மனிதரின் குடும்பக் கதை இது.

இங்கே ஒரு தப்பான முடிவுக்கு நாம் போய்விடக்கூடாது. குழந்தை நோயாகக் கிடக்கும் வீட்டுக்குப் போய், "அப்பா பண்ண பாவம்" என்று சொல்கிறவர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்கள். அது பெரிய கொடுமை. மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் நூல் தெளிவாகச் சொல்கிறது (18:20). பிறவியிலேயே பார்வை இல்லாதவரைக் காட்டி, இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). தகப்பன் குடித்தால் பிள்ளை பசியோடு பள்ளிக்குப் போகும், அதுதான் விளைவு. அந்தப் பசியில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அதைக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

தாவீது அடுத்துச் செய்ததைப் பார்ப்போம். ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்து மன்றாடினார். குழந்தை இறந்ததும் எழுந்தார், குளித்தார், உடை மாற்றினார், ஆண்டவரின் இல்லத்துக்குப் போய் வணங்கினார், பிறகு உணவு உண்டார். கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் கடவுளை விட்டுப் போகவில்லை. பத்சேபாவுக்கு ஆறுதல் சொன்னார். சாலமோன் பிறந்தார்.

பல நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு நற்செய்தியாளர் நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலை எழுதுகிறார். சாலமோனின் தாயைக் குறிப்பிடும்போது பத்சேபா என்று பெயர் சொல்லாமல், உரியாவின் மனைவி என்கிறார் (1:6). மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பதற்காக உரியாவின் பெயரை இறைவார்த்தை அழித்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவனை மறக்கச் சொல்லும் மன்னிப்பை நம் கடவுள் தருவதில்லை. அதே வரியில்தான் மீட்பரின் வம்சமும் தொடர்கிறது.

திருச்சபை என்ன சொல்கிறது?

திரெந்து பொதுச்சங்கம் 1551-ஆம் ஆண்டு ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிப் போதித்தபோது, பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதற்குரிய எல்லாத் தண்டனையும் எப்போதும் கூடவே நீங்கிவிடுவதில்லை என்று விளக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண்கள் 1472, 1473) இதை இன்னும் எளிதாக்குகிறது. கனமான பாவம் நம்மைக் கடவுளின் உறவிலிருந்து பிரிக்கிறது. அதனால் வருவது முடிவில்லாத தண்டனை. இது பாவமன்னிப்பில் முழுவதுமாக நீங்குகிறது. சிறு பாவம் உட்பட ஒவ்வொரு பாவமும் நம்மிடம் ஒரு கெட்ட பற்றுதலையும் விட்டுச்செல்கிறது. அதிலிருந்து நாம் தூய்மை பெற்றாக வேண்டும், இங்கேயோ உத்தரிக்கும் தலத்திலோ. இதைத்தான் காலத்திற்குரிய தண்டனை என்கிறோம். இந்த இரண்டும் கடவுள் வெளியிலிருந்து எடுக்கும் பழிவாங்கல் இல்லை. பாவத்தின் இயல்பிலிருந்தே வருகிறவை என்பதையும் அந்நூல் சேர்த்துச் சொல்கிறது.

அதே நூலின் 1459-ஆம் எண் நம் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் உண்டாக்கிய சீர்குலைவுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுத்தர வேண்டும். செய்த காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். குருவானவர் தரும் பரிகாரச் செயல் இந்தப் பாதையின் முதல் படி. மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர், படியில் ஏறிவிட்டு வீட்டுக்குள் நுழையாமல் நிற்கிறார்.

நம் தறிகளிலிருந்து ஓர் உண்மை

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும் எந்தக் குருவானவர் வாயிலிருந்தும் வெளியே வராது. ஆகவே ஊரறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பதோ இரண்டு கை. எனவே மறுபக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் நம் ஊரில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய பிள்ளைகள். தகப்பன் முன்பணம் வாங்குவார். அது கழியும் வரை பிள்ளை தறிக்குழியில். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பின்னும் பல வருடம் இது நடந்தது என்பதை இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று பெரும்பாலும் நிலைமை மாறிவிட்டது. அதற்கு உழைத்த எல்லாருக்கும் நன்றி சொல்வோம்.

அப்படி ஒரு தகப்பனை மனதில் நினைத்துக்கொள்வோம். மூத்த மகளின் கல்யாணக் கடன் பாதி, குடி பாதி. ஒன்பது வயது மகனைத் தறியில் உட்கார வைத்தார். இன்று அவருக்கு எழுபது வயது. பாவசங்கீர்த்தனம் செய்து மனம் வருந்தி அழுதுவிட்டார். கடவுள் அவரை மன்னித்துவிட்டார். அதில் சந்தேகமே வேண்டாம். மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வங்கிக்குப் போனால் சீட்டை எழுதித்தர யாரையாவது தேடுகிறார். நாள் முழுவதும் குனிந்தே வளர்ந்த முதுகு இரவில் அவரைத் தூங்கவிடுவதில்லை. போன பள்ளிக்கூட வருடங்களை எந்தப் பாவமன்னிப்பு மந்திரமும் திருப்பித் தராது.

இதில் தகப்பனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. குறைந்த கூலி கொடுத்தவர், கூலி போதாதபோது முன்பணம் நீட்டியவர், கணக்கில் வட்டி ஏற்றியவர், மலிவான புடவையை மட்டும் தேடி வாங்கியவர் என்று பலருக்கும் இதில் பங்கு உண்டு. சமூகப் பாவம் என்பது பல தனிமனிதப் பாவங்கள் குவிந்து உண்டாவது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் ஒப்புரவு பற்றிய திருத்தூது மடலில் விளக்கினார். பாவம் கூட்டாகச் செய்யப்பட்டது என்றால், பரிகாரமும் கூட்டாகவே செய்யப்பட வேண்டும்.

அந்த முதியவர் இனி என்ன செய்ய முடியும்? மகன் முன்னால் உட்கார்ந்து, "உன்னைத் தறியில உட்கார வச்சது என் தப்புப்பா" என்று சொல்ல முடியும். மகன் பதில் சொல்லாவிட்டாலும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியும். பேரப்பிள்ளையைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போய்விட முடியும். மகனின் முதுகுவலியைப் பார்க்கும்போதெல்லாம் வரும் வேதனையை, தப்பித்து ஓடாமல், சிலுவையடியில் வைக்க முடியும். இவை எதுவும் மன்னிப்பை விலை கொடுத்து வாங்குவதற்காக இல்லை. மன்னிப்பு ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது. மன்னிக்கப்பட்டவர் மட்டுமே இப்படி நிமிர்ந்து நின்று தம் கடனைப் பார்க்க முடியும்.

எரிகோவின் சக்கேயுவும் அதைத்தான் செய்தார். இயேசு அவர் வீட்டுக்குள் வந்தது முதலில். கணக்கு நோட்டைத் திறந்தது பிறகு. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார். தாவீது பிறர்மேல் சொன்ன நான்கு மடங்குத் தீர்ப்பைச் சக்கேயு தம்மேலேயே சொல்லிக்கொண்டார். நம்மில் தறி வைத்து நடத்தியவர்கள், பணம் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தால், பழைய நோட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அன்று நம் தறியில் உட்கார்ந்த பிள்ளையின் பிள்ளை இன்று கல்லூரிக் கட்டணத்துக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம்.

அருளாளர் இராணி மரியாவும் சமுந்தர் சிங்கும்

நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இந்த உண்மையை நம் கண்முன் நிறுத்துகிறது. கேரளத்தில் 1954-இல் பிறந்த சகோதரி இராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் ஏழைப் பழங்குடி விவசாயிகளோடு உழைத்தார். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்கள் விடுபட வழிகாட்டினார். அதனால் ஆதாயம் இழந்தவர்கள் சமுந்தர் சிங் என்ற இளைஞரைத் தூண்டிவிட்டார்கள். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சகோதரியைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றார்.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-இல், கொலையுண்டவரின் உடன்பிறந்த தங்கையும் துறவியுமான சகோதரி செல்மி பால் சிறைக்குப் போய், அவர் கையில் இராக்கி கட்டி, அவரைத் தம் அண்ணனாக ஏற்றுக்கொண்டார். அவரைப் பெற்ற தாயும் மன்னித்தார். தம் மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரும் திருச்சபையினரும் கேட்டுக்கொண்டதன் பேரில் 2006-இல் சமுந்தர் சிங் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் அவரும் இருந்தார்.

மன்னிப்பு வந்த அன்றே சிறைக்கதவு திறக்கவில்லை என்பதைக் கவனிப்போம். நான்கு வருடம் கழித்தே திறந்தது. கதவு திறந்த பிறகும் இராணி மரியா உயிரோடு திரும்பி வரவில்லை. அந்தத் தாயின் வீட்டில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. ஆனால் சமுந்தர் சிங் அந்தக் காலியிடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை; அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார், கல்லறைக்குப் போனார். தம் செயலை மறக்காமலும், அதில் மூழ்கிச் சாகாமலும் வாழ்வதற்கு அந்த மன்னிப்பு அவருக்குப் பலம் தந்தது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் தம்மை 1981-இல் சுட்ட அலி அக்சாவைச் சில நாட்களிலேயே மன்னித்தார். 1983-இல் சிறைக்கே போய்ச் சந்தித்தார். ஆனாலும் அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில் இருந்தார். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அடிப்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மனம் வருந்தி முழுமையாகச் சொன்ன பாவத்தை மீண்டும் மீண்டும் சொல்லி நம்மையே வதைக்க வேண்டாம். விளைவு மிச்சம் இருப்பது, மன்னிப்புக் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் இல்லை. கருக்கலைப்பு செய்துவிட்டு, அதை ஆயர்தான் மன்னிக்க முடியுமோ என்று அஞ்சிப் பல வருடமாகத் தொட்டிக்கு வராமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கிவிட்டார். பயப்படாமல் வாருங்கள்.

இரண்டாவது, திருப்பிக் கொடுக்கக்கூடியதைத் திருப்பிக் கொடுப்போம். பணமானால் பணம், பெயரானால் பெயர். பொய் சொன்ன அதே ஆட்களிடம் போய் உண்மையைச் சொல்வது கடினம். அதனால்தான் அது பரிகாரம்.

மூன்றாவது, திருப்பிக் கொடுக்க முடியாததைப் பொறுமையோடு சுமப்போம். நாம் தீங்கு செய்தவர் இறந்து போயிருக்கலாம். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். அவர் நிலையில் இன்று இருக்கும் இன்னொருவருக்குக் கை கொடுப்போம்.

நான்காவது, காயப்பட்டவர்களிடம் மன்னிப்பை அவசரப்படுத்திக் கேட்க வேண்டாம். "சாமியே மன்னிச்சிட்டாரு, உனக்கென்ன?" என்று மனைவியிடம் சொல்லும் கணவர், மன்னிப்பையே இன்னொரு அடியாக மாற்றுகிறார். அடி வாங்கிய பெண் மனதார மன்னிக்கலாம். ஆபத்து இருக்கும் வீட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று நற்செய்தி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சகோதரி செல்மிக்கே சிறை வாசலுக்குப் போகப் பல வருடம் ஆனது. காயப்பட்டவர்களே, உங்கள் மனம் கனியும் நேரத்தைக் கடவுள் அறிவார். அவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள், அது போதும்.

அன்புக்குரியவர்களே, உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் வந்தபோது அவருடைய கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன (யோவான் 20). சாவையே வென்றவரால் அந்தத் தழும்புகளை நீக்கியிருக்க முடியாதா? நம் பாவத்தின் விளைவைத் தம் மாட்சிமிக்க உடலிலேயே அவர் வைத்துக்கொண்டார். அவற்றைக் காட்டித்தான் சீடர்களுக்கு அமைதி அருளினார். பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தையும் அந்த மாலையில்தான் கொடுத்தார். நமக்குப் பாவமன்னிப்பு வழங்கும் கை, நம் பாவத்தின் தழும்பைத் தாங்கிய கை. ஆகவே நம் தழும்புகளோடு அவர் முன்னால் போக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

மன்றாடுவோம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, நாங்கள் கெடுத்தவற்றை எங்களால் முழுவதும் சரிசெய்ய முடியவில்லை. உமது மன்னிப்பை நம்ப எங்களுக்கு விசுவாசம் தாரும். திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க நேர்மை தாரும். சுமக்க வேண்டியதைச் சுமக்கப் பொறுமை தாரும். எங்களால் காயப்பட்டவர்களை நீரே தேடிச் சென்று ஆற்றியருளும். எங்கள் பிள்ளைகள் எங்கள் பாவத்தின் சுமையில்லாமல் வாழ வழிகாட்டும். ஆமென்.